சொல்லிட்டு ஓடட்டும்

எங்கள் உருக்காலையில் வாயில் டேப் ஒட்டாத பஸ்ஸரே கிடையாது. மின்சாரப் பேனல் ஒவ்வொன்றின் நெற்றியிலும் வட்டமாய், கறுப்பாய் ஒரு பஸ்ஸர் இருக்கும். உள்ளே ஏதாவது கோளாறு என்றால் அது கத்த வேண்டும். கத்தவும் செய்யும். அதற்கு எங்கள் எல்லோரிடமும் இருந்தது ஒரே வைத்தியம்தான். இன்ஸுலேஷன் டேப்பை இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்து அதன் வாயில் ஒட்டிவிடுவோம். கத்தல் முனகலாகிவிடும். இன்னொரு துண்டு ஒட்டினால் முனகலும் நின்றுவிடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் எட்டிப் பார்த்த ஆலைகளில் எல்லாம் இதேதான் வழக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் கக்கூஸ் எங்கே என்று காட்டுவோம். அடுத்து டேப் எங்கே இருக்கிறது என்று காட்டுவோம்.

அவர் வந்து சேர்ந்த முதல் வாரமே அந்த டேப்பையெல்லாம் உரிக்க ஆரம்பித்தார்.

எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸுக்குப் புது இன்ஜினியர் வருகிறார், பொம்பளை, ஆபீஸில் இல்லை, உலை இருக்கிற மெல்டிங் ஷாப்புக்குள்ளேயே வேலை என்று முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒல்லியாக, உயரமாக, யாருக்கோ தைத்த நீலக் கோட்டில் வந்து நின்றார். பெண்கள் அளவில் சேஃப்டி ஷூ ஸ்டோரில் கிடையாது. ஆம்பளை ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். பேனல் பேனலாகப் போய் நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்து, உருட்டி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அந்த உருண்டை எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. ஷாப்பில் நாலா பக்கமும் ஒரே கத்தல்.

நான் உலை ஆபரேட்டர். உலைக்கு எதிரே, மாடி உயரத்தில், ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு பட்டன்களை அமுக்குவது என் வேலை. சத்தம் எனக்கு ஆகாது. வீட்டில் மிக்ஸி ஓடினாலே வாசலுக்குப் போய்விடுகிறவன் நான். நேராக அவரிடம் போய் முறையிட்டேன்.

"மேடம், காலைலேர்ந்து கத்திக்கினே கீது. பேஜாரா போச்சு."

"எதுண்ணா கத்துது?"

"அதான் தெர்லியே மேடம். எல்லாமே கத்துது."

"தெரியற வரைக்கும் கத்தட்டும்ண்ணா."

அன்றைக்கே அவருக்கு 'சங்கு மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ஷாப்பில் யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதும் இல்லை. அவர் எங்கள் ஆலையை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போதும் எங்காவது ஒரு பஸ்ஸர் அலறினால் ஆட்கள், "சங்கு மேடம் வந்துட்டாங்கடா" என்றுதான் சொல்கிறார்கள்.

வெறுமனே கத்தவிட்டு வேடிக்கை பார்த்தார் என்று நினைக்க வேண்டாம். அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொரு கத்தலாகப் பிடித்து, எதற்குக் கத்துகிறது என்று பார்த்தார். பேனல் கதவு சரியாக மூடவில்லை என்பதற்கு ஒன்று கத்தியது. பழுதாகிக் கழற்றிப் போட்ட ஒரு மோட்டாரைக் காணவில்லை என்பதற்கு ஒன்று பாவம் பல காலமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மாதிரி வீண் கத்தலையெல்லாம் அவரே ஒயரைப் பிடுங்கி நிறுத்தினார். கடைசியில் ஷாப் முன்னைவிட அமைதியாகிவிட்டது. இதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்று பயம்.

அவருடைய குணம் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். அதை அவரே அடிக்கடி சொல்லுவார். ஆனால் அது புரிய வேண்டுமானால் எங்கள் டிரைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உலையிலிருந்து கிளம்புகிற புகையை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு ராட்சச விசிறி இருக்கிறது. அந்த விசிறியின் மோட்டாருக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவுக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பதுதான் டிரைவ். ஓர் அறையை முழுக்க அடைத்து நிற்கிற அலமாரி அது. உள்ளே ஒரே மாதிரிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் மின்சாரத்தை வெட்டி வெட்டித் தரும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மோட்டாருக்குப் போகும். இதில் விசேஷம் என்னவென்றால், ஒரு பெட்டி செத்துப்போனால் டிரைவ் நிற்காது. செத்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற பெட்டிகள் அதன் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு வரி வரும், பஸ்ஸர் கத்தும், அவ்வளவுதான். விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு பெட்டியும் போனால்தான் எல்லாம் நிற்கும்.

எங்கள் மேனேஜருக்கு அந்த டிரைவ் என்றால் உயிர். யார் வந்தாலும் அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "கெட்டுப் போனாலும் ஓடும் சார், நிக்கவே நிக்காது" என்று காட்டுவார். ஒரு தடவை சங்கு மேடம் பக்கத்தில் இருந்தார்.

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

"என்னம்மா பயம்? ஓடுறது தப்பா?"

"ஓடட்டும் சார். ஆனா சொல்லிட்டு ஓடட்டும்."

இதுதான் அந்த வாக்கியம். இதைச் சோற்றுக்கும் சொல்லுவார், சுகத்துக்கும் சொல்லுவார். அவருடைய கைப்பையில் பேனா இரண்டு, கண்ணாடி இரண்டு, குடை இரண்டு இருக்கும். எழுதுகிற பேனா தீர்ந்துபோனால், அடுத்ததை எடுப்பதற்கு முன் தீர்ந்ததை எடுத்து மேசை நடுவில் வைத்துவிடுவார். அதற்குப் பதில் புதிது வாங்கி வைக்கிற வரை அது அங்கேயே கிடக்கும். கேட்டால், மாற்று இருக்கிறவன்தான் சீக்கிரம் ஏமாறுவான் என்பார். சோழவரத்தில் அவர்கள் வீட்டு நிலத்துக்கு இரண்டு மோட்டார் பம்பு இருந்ததாம். ஒன்று எரிந்ததும் அப்பா அடுத்ததைப் போட்டுவிட்டு எரிந்ததை மறந்துவிட்டார். அந்த இரண்டாவதும் எரிந்தபோது கதிர் பால் பிடிக்கிற சமயம். "எங்க நைனா அந்த வருஷம் பூரா யார்கூடவும் பேசல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ரீசெட் பட்டன் விஷயத்திலும் அவரோடு எனக்கு ஓயாத சண்டை. ஏதாவது நின்றுபோனால் எங்கள் கை தானாக ரீசெட்டுக்குப் போகும். அமுக்கினால் பாதி நேரம் மறுபடி ஓடும். என் மேசையில் அந்தப் பட்டனின் சிவப்புப் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, இன்னா சொல்லிச்சுன்னு ஒரு தபா படிச்சிட்டு அமுக்கேன். பேசிக்கினு இருக்கிறவன் வாயைப் பொத்துற மாதிரி இல்ல கீது உன் வேலை" என்றார். நான் இரண்டு நாள் படித்தேன். மூன்றாவது நாள் பழைய கதைதான்.

கோளாறைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எங்கள் பழைய எலக்ட்ரீஷியன்கள் ஸ்க்ரூ டிரைவரை மோட்டாரில் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "பேரிங் போயிருச்சு" என்று சொல்லுவார்கள். இவர் அந்த வித்தைக்குக் கிட்டவே போகமாட்டார். "சத்தத்தைக் கேட்டுச் சொல்றது ஜோசியம். மீட்டரை வெச்சுப் பாரு" என்பார். படித்த திமிர் என்று பேசிக்கொண்டோம். அவர் செய்வது வேறு. சந்தேகப்படுகிற பெட்டியைக் கழற்றி, நன்றாக இருக்கிற பெட்டியின் இடத்தில் மாட்டுவார். நல்ல பெட்டியை இந்த இடத்தில் மாட்டுவார். கோளாறு பெட்டியோடு நகர்ந்து போனால் தப்பு பெட்டியில். நகராமல் அங்கேயே நின்றால் தப்பு இடத்தில், அதாவது ஒயரிலோ பின்னால் இருக்கிற சர்க்யூட் கார்டிலோ. பார்க்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். முதல் நாளே யார்மேலும் பழியைப் போடமாட்டார்.

இதை மனிதர்களுக்கும் செய்தார். உலை மேடையில் இரண்டு ஹெல்பர்கள் தினம் அடித்துக்கொண்டார்கள். அதில் அந்தோணி என்பவன் ரொம்ப சாது. அவன் சண்டைக்குப் போகிறான் என்றால் எதிராளிதான் சரியில்லை என்று நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம். இவர் இருவருடைய இடத்தையும் மாற்றிப் போடச் சொன்னார். அந்தோணி இந்தப் பக்கம் வந்ததும் பூனைக்குட்டி ஆகிவிட்டான். இங்கிருந்து அங்கே போனவன் ஒரே வாரத்தில் எரிந்து விழ ஆரம்பித்தான். மேடையின் அந்த மூலையில் போய் நின்று பார்த்தால், ஒரு குழாயின் மூட்டு விட்டுப்போய் அங்கே நிற்கிறவன் பிடரியில் நாள் பூரா அனல் அடித்துக்கொண்டிருந்தது. மூட்டை அடைத்தார்கள், சண்டை நின்றது. அந்தோணி அதற்குப் பிறகு அவரைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்திருந்தான்.

அவர்மேல் எனக்கு ஒரு காலத்தில் கோபம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி பஸ்ஸில் அவர் சோழவரத்தில் ஏறுவார், நான் காரனோடையில். எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவார். அந்த சீட்டுக்காக மல்லுக்கு நிற்கவும் தயங்கமாட்டார். ஒரு மழை நாளில் ஜன்னல் ஒழுகியது, வேறு வழியில்லாமல் வலப்பக்க வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, என் பெண் பிளஸ் டூவில் வாங்கின மார்க்கைப் பற்றி ஆரம்பித்தேன். எந்தக் காலேஜ், என்ன படிப்பு என்று அவரிடம் யோசனை கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். கவரைப்பேட்டை வரைக்கும் நான் பேசிக்கொண்டே வருகிறேன், அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே வருகிறார். ஒரு 'உம்' கூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆபரேட்டர் பெண் எங்கே படித்தால் இவருக்கென்ன என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

கேன்டீனில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா கோவமா?"

"எனக்கு இன்னா கோவம் மேடம்? பெரியவங்க நீங்க. எங்க ஊட்டு விஷயமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

எந்த விஷயம் என்று கேட்டார். சொன்னேன். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "நீ பேசுனது எனக்குக் கேக்கவே இல்லண்ணா" என்றார். "என் இடது காது சுத்தமா கேக்காது. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. காய்ச்சல் எறங்குச்சு, காது போயிடுச்சு."

அப்போதுதான் எல்லாம் எனக்கு வரிசையாகப் புரிந்தது. இடப்பக்க ஜன்னல். எந்தக் கூட்டத்திலும் மேசையின் இடது கோடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது. ஸ்க்ரூ டிரைவர் ஜோசியத்தின்மேல் இருந்த வெறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை காது பரிசோதனைக்கு வேன் வருமே, அதில் எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டன் அமுக்கிச் சத்தம் விடுகிறவனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், தோள் அசைந்ததும் கையைத் தூக்கிவிடலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா கீது மேடம். மிஷின் மட்டும் சொல்லிட்டு ஓடணும், நீங்க சொல்லாம ஓடுவீங்க."

அவர் சிரிக்கவில்லை. "மிஷின் சொன்னா அதைத் தூக்கிக்கினு போய் ஆபீஸ்ல வெக்க மாட்டாங்கண்ணா. என்னை வெப்பாங்க."

அதில் பொய் இல்லை. அவரை ஷாப்புக்குள் விடுவதில் மேனேஜருக்கு முதலிலிருந்தே இஷ்டம் கிடையாது. "பொம்பளைப் புள்ள, ஆபீஸ்ல உக்காந்து டிராயிங் பாக்கட்டுமே" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். மேலிடம் வரைக்கும் போய் மல்லுக்கட்டித்தான் இவர் இந்த நீலக் கோட்டை வாங்கினார். ஒரு காது கேட்காது என்று தெரிந்தால் அடுத்த நிமிஷம் படியேற்றி ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். கிரேன் ஓடுகிற இடம், எங்கும் மணியும் ஹாரனும்தான் எச்சரிக்கை, அதனால் அனுப்புவதிலும் நியாயம் இருக்கும். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் பெண்ணுக்கு நல்ல காலேஜாகவே யோசனை சொன்னார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்த்த விதமே மாறிவிட்டது. ஷாப்பில் நடக்கும்போது சுவர் எப்போதும் அவருக்கு இடப்பக்கம் இருக்கும். சுவர் இல்லாத இடத்தில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போவார். ஒரு பெட்டியின் வேலையை மற்ற பெட்டிகள் இழுப்பது மாதிரி, ஒரு காதின் வேலையைக் கண்ணும் கழுத்தும் சேர்ந்து இழுத்தன. பார்க்கிறவர்களுக்குத் துறுதுறுவென்று இருக்கிற பெண்பிள்ளை என்றுதான் தோன்றும்.

தம்பி கல்யாணத்துக்கு அவர் லீவில் போயிருந்தபோது அது நடந்தது. டிரைவில் ஒரு பெட்டி செத்துப்போயிற்று. பஸ்ஸர் கத்தியது. யாரோ ஒரு புண்ணியவான் டேப்பை ஒட்டிவிட்டான். திரையில் வந்த மஞ்சள் வரியை யாரும் படிக்கவில்லை. விசிறிதான் ஓடிக்கொண்டிருந்ததே.

லீவு முடிந்து அவர் வந்த அன்று மத்தியானம், டிரைவ் ரூமுக்கு அவர் போவதற்கு முன்னாலேயே, இரண்டாவது பெட்டியும் போயிற்று. நான் உலை மூடியைத் திறந்து வைத்திருந்தேன். மேலே போக வேண்டிய புகை போக்கிடம் இல்லாமல் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் என் கண்ணாடிக்கு முன்னால் சாம்பல் நிறம் தவிர எதுவும் தெரியவில்லை. நடுவில் ஒரு கிழிசல் விழுந்தது. அதன் வழியாகத்தான் பார்த்தேன். அவர் ஒர்க்ஷாப்பிலிருந்து டிரைவ் ரூமுக்கு, கிரேன் போகிற பாதையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார். சுற்றிப் போக நேரமில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து, கிரேனில் தொங்குகிற ஸ்கிராப் இரும்பு நிரம்பிய பக்கெட் காற்றில் மிதந்து வந்தது. அவர் தலை திரும்பவே இல்லை. புகைக்குள்ளிருந்து அந்தோணி பாய்ந்து வந்து கோட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். பக்கெட்டின் விளிம்பு தட்டி அவருடைய ஹெல்மெட் மட்டும் பறந்து போய்ப் பிளந்தது.

அவர் எழுந்து, வெறுந்தலையோடு டிரைவ் ரூமுக்குத்தான் போனார். ஸ்பேர் பெட்டியை மாட்டி விசிறியை ஓடவைத்துவிட்டு, பஸ்ஸர் வாயிலிருந்து டேப்பை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

விசாரணை கிரேன் டிரைவர் மேல் வந்தது. ரத்தினம் என்று பெயர், கவரைப்பேட்டைப் பக்கத்து ஆள், கான்ட்ராக்டில் இருந்தான். ஆள் குறுக்கே இருக்கும்போது மணி அடிக்காமல் கிரேனை ஓட்டினால் வேலை போய்விடும், அதில் பேச்சே இல்லை. அவன் மணி அடித்தேன் என்று சத்தியம் செய்தான். அந்தோணியும் கேட்டேன் என்றான். ஆனால் அந்தோணியின் அக்காவைத்தான் ரத்தினத்துக்குக் கொடுத்திருக்கிறது, அதனால் அவன் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேமராவில் புகை மட்டும்தான் பதிவாகியிருந்தது. மேனேஜர் ஒரே கேள்வியைக் கேட்டார். "மணி அடிச்சா மனுஷன் திரும்பிப் பாக்கமாட்டானா? அந்தம்மா திரும்பவே இல்லையேய்யா." பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

விசாரணை அன்று காலை பஸ்ஸில் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தேன்.

"மேடம், ரத்தினத்துக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"தெரியும்ண்ணா."

"நான் வாயைத் தொறக்க மாட்டேன். வாக்கு குடுத்துட்டேன். ஆனா…"

"தெரியும்ண்ணா," என்றார் மறுபடி. பஸ் தச்சூரைத் தாண்டியது. பிறகு, "ஷாப்பை விட்டுட்டா நான் இன்னாண்ணா பண்ணுவேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்கிற காது என் பக்கம்தானே இருக்கும். நான் பேசினால் கேட்கும் என்று தெரிந்தே, ரத்தினத்தின் பேச்சை மறுபடி எடுக்காமல் இறங்கினேன்.

விசாரணை ரூமில் அவருக்கு வழக்கம்போல இடது கோடி நாற்காலி. பார்த்ததைச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரத்தினம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சேஃப்டி ஆபீசர் அவரிடம், "மணி அடிச்சுதா இல்லையா, நீங்க மட்டும் சொல்லுங்க" என்றார்.

"அடிச்சிருக்கும் சார். எனக்குத் தெரியாது. என் இடது காது கேக்காது. சின்ன வயசுலேர்ந்தே கேக்காது."

சேஃப்டி ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா சார்?"

மேனேஜர் பேச்சை மாற்றி, டிரைவ் பஸ்ஸரில் டேப் ஒட்டினவன் யார் என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று ஆரம்பித்தார். சங்கு மேடம் பையிலிருந்து அந்த டேப் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "யாருன்னு தேடாதீங்க சார். எதுக்கெடுத்தாலும் கத்தினா எவனும் ஒட்டத்தான் செய்வான். சொன்னா தொல்லைன்னு ஆயிட்டா சொல்லமாட்டான். நானும் என் வாயில ஒட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்."

ரத்தினத்தின் வேலை தப்பியது. அவரை மறுநாளே ஆபீஸுக்கு மாற்றினார்கள். ஷாப் வாசலில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. நீலக் கோட்டை மடித்து ஸ்டோரில் ஒப்படைத்ததை நான் பார்த்தேன். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. இப்படி நேர்மையாக இருந்து என்ன கண்டார் என்று அன்று என் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

ஆபீஸில் அவருடைய மேசையை இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி போட்டுக்கொண்டார். ஷாப்பிலிருந்து யார் போனாலும், சொல்லிவைத்தாற்போல நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்று பேசினார்கள். மேனேஜரே அப்படித்தான் நின்றார், நான் கண்ணால் பார்த்தேன். பஸ்ஸிலோ அவர் இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தார். நான் போய் இடப்பக்கம் உட்கார்ந்தால், "அந்தப் பக்கமே இருண்ணா, இன்னைக்கு உன் கதையைக் கேக்கத் தெம்பு இல்ல" என்பார். ஆனாலும் பஸ் ஆலைக்குள் நுழைந்ததும் எங்கள் ஷாப்பின் கூரையைப் பார்த்துக்கொண்டேதான் இறங்குவார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் முற்பகல் டிரைவ் பஸ்ஸர் அலறியது. அதன் வாயில் டேப் இல்லை. நான் ரீசெட்டை அமுக்கவில்லை, திரையில் வந்ததைப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போன் செய்தேன். போனிலேயே பெட்டியை இடம் மாற்றச் சொன்னார். எலக்ட்ரீஷியன்கள் மாற்றினார்கள். கோளாறு நகரவில்லை, அதே இடத்தில் நின்றது. அப்படியென்றால் தப்பு பின்னால் இருக்கிற ஒயரில், அதைப் பார்க்க அவரே வர வேண்டும். விசிறி ஒரு பெட்டி குறைவோடு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று போனால் மறுபடியும் அதே புகைதான்.

உலையை நிறுத்தி வைத்துவிட்டு நான் கீழே இறங்கி வந்தேன். அவர் வேறு யாருடைய ஹெல்மெட்டையோ போட்டுக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். கால் கோட்டைத் தொடவில்லை. ஆபீஸ் படியில் மேனேஜர் நின்றிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மேலே ரத்தினம் கிரேனை நிறுத்தினான். பக்கெட்டை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணி வழியாக இறங்கி வந்து, கோட்டைத் தாண்டிப் போய் அவருக்கு இடப்பக்கமாக நின்றுகொண்டான்.

"அந்தப் பக்கம் நிக்காத ரத்தினம். நீ பேசினா எனக்குக் கேக்காது," என்றார் அவர்.

"நான் பேச வர்ல மேடம். கூட நடக்க வந்தேன்."

அது அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் கோட்டைத் தாண்டி, டிரைவ் ரூமைப் பார்த்து நடந்தார்கள்.